4 இஞ்ச் பெட்டியா, 8 இஞ்ச் ஹார்னா? வேலூர் வீட்டுக்கு ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர்

கிராஸ்ஓவர் (தடித்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) வேண்டாம், எல்லா ஒலியையும் பாட ஒரே டிரைவர் (கோன் உள்ள ஸ்பீக்கர் யூனிட்) போதும் என்று முடிவு செய்தாயிற்றா? அடுத்த சண்டை பெட்டி. 4 இஞ்ச் டிரைவருக்கு 8 லிட்டர் ரிஃப்ளெக்ஸ் பெட்டி (காற்றுக்குழாய் வைத்த பெட்டி) ஒரு கட்சி. 8 இஞ்ச் டிரைவருக்குப் பின்னால் மடித்து மடித்து ஓடும் ஹார்ன் (போகப்போக விரியும் ஒலிப்பாதை) இன்னொரு கட்சி. சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ 10-க்கு 12 அடி அறை, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை என்றால் என் ஓட்டு 4 இஞ்சுக்கு.

ஹார்னின் பலத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஹார்னில் போடும் 96 டெசிபல் டிரைவர் 1 வாட்டில் தரும் சத்தத்துக்கு 87 டெசிபல் சின்ன டிரைவர் 8 வாட் கேட்கும். 3 வாட் வால்வு ஆம்ப் வைத்திருப்பவர் மேலே யோசிக்கவே வேண்டாம், ஹார்ன்தான். தவில் அடி நெஞ்சில் விழவேண்டும் என்பவருக்கும், பெரிய ஹாலுக்கும் அதுவே. சின்ன அறையில்தான் சிக்கல்: விஸ்ஸர் கோன் (பெரிய கோனின் நடுவில் ஒட்டிய குட்டிக் கோன்) 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை எகிறும், டைல்ஸ் அதைத் திருப்பி அடிக்கும், பாடகர் கத்துவதுபோல் இருக்கும்.

இதெல்லாம் காதுக்குக் காது மாறும். மாறாதது பராமரிப்பு.

ஹார்னின் வாய் திறந்தே கிடக்கும், பாதை வளைந்து ஓடும், உள் பலகைகள் எல்லாம் பசை போட்டு ஒட்டியவை. உள்ளே பல்லி போகும். குளவி மண்கூடு கட்டும். கை எட்டாது, கழற்றவும் முடியாது. பெட்டி தரையிலேயே நிற்பதால் கரையானுக்கும் வழி. கத்திரி வெயிலில் காய்ந்து ஐப்பசி மழையில் ஊறும் வெயிலூரில், உள்மூட்டு ஒன்று விரிந்தாலும் கரகர சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒரு ஜோடிக்கு 8×4 பலகை சாதாரணமாக 3 ஆகும். தப்பாகிவிட்டால் அத்தனையும் விறகு.

4 இஞ்ச் பெட்டியில் டிரைவரைக் கழற்றினால் கை உள்ளே போகும். ஜோடிக்கு 4×4 துண்டு போதும்.

டிரைவர் வாங்கும்போது கம்பெனி தரும் விவரத்தாளில் க்யூடிஎஸ் (Qts, கோனின் அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் நிற்கிறது என்ற எண்) பாருங்கள். 0.4 பக்கம் இருந்தால் ரிஃப்ளெக்ஸ். பெட்டிக் கொள்ளளவு ஏறக்குறைய வாஸ் (Vas, கோனின் தொங்கலுக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவு) அளவு, டியூனிங் (குழாய் ஒலிக்கும் அதிர்வெண்) ஏறக்குறைய எஃப்எஸ் (Fs, டிரைவரின் இயல்பான அதிர்வெண்) அளவு. 0.5 என்றால் மூடிய பெட்டி. வாஸ் 6 லிட்டருக்குப் பெட்டியும் 6 லிட்டர் வைத்தால் பெட்டியோடு சேர்ந்த மொத்த க்யூ 0.7-இல் நிற்கும். 0.3-க்குக் கீழே என்றால் அது ஹார்னுக்குப் பிறந்தது. கோன் காகிதமாக, ஓர வளையம் ரப்பராக இருக்கட்டும். ஃபோம் வளையம் சில வருஷத்தில் பொடியாகிவிடும். மார்க் ஆடியோ கம்பெனி டிரைவர் மாதிரி உலோகக் கோன் நுணுக்கமாகப் பாடும், ஆனால் குழந்தை விரல் பட்டால் பள்ளம்தான்.

பெட்டி உள்ளளவு 16×22×24 செ.மீ.; டிரைவரும் போர்ட் குழாயும் பிடிக்கும் இடம் போக 8 லிட்டர். 70 ஹெர்ட்ஸ் டியூனிங்குக்கு 4 செ.மீ. உள்விட்டக் குழாய் 6.7 செ.மீ. நீளம். கடையில் தரும் 40 எம்எம் பிவிசி பைப் வெளிவிட்டக் கணக்கு, உள்ளே 3.6 இருந்தால் நீளம் 5.1 ஆகக் குறையும். அளக்காமல் வெட்டாதீர்கள். பின்வாயில் கொசுவலைத் துண்டு ஒட்டினால் குளவி விவகாரம் முடிந்தது.

பலகை 18 எம்எம், ஐ.எஸ். 710 மரைன் பிளை. எம்டிஎஃப் வெட்டச் சுகம், ஆனால் ஓரத்தில் ஈரம் ஏறினால் ஊதும், பிறகு பழைய கனத்துக்குத் திரும்பாது. டிரைவர் ஓட்டையின் உள்விளிம்பை 45 டிகிரி சரிவாகச் செதுக்கச் சொல்லுங்கள். ஆசாரிகள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் சின்னக் கோன் 18 எம்எம் சுரங்கத்துக்குள் மூச்சுமுட்டும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. இலவம்பஞ்சு தூள் உதிரும்.

20 செ.மீ. அகல முகப்பில் 575 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போவதால் சத்தம் மெலியும். 1 மில்லிஹென்றி கம்பிச்சுருளையும் 3.3 ஓம், 10 வாட் ரெசிஸ்டரையும் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்து, டிரைவருக்கு முன்னால் தொடராகப் போட்டால் குரலுக்கு உடம்பு வரும். சுவரை ஒட்டி வைப்பவருக்கு இது தேவைப்படாது.

ஒட்டி முடித்ததும் 50 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு மூட்டு நெடுக ஊதுபத்தி காட்டுங்கள். புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை.

டிரைவருக்கு அடியில் ஆம்பூர் செருப்புப் பட்டறைகளில் கிடைக்கும் 2 எம்எம் ஈவிஏ ஷீட்டை வளையமாக வெட்டிப் போடலாம். மர ஸ்க்ரூ நாலைந்து தடவை கழற்றியதும் பிடி விடும். டி-நட் (பலகையின் பின்பக்கம் அடித்துப் பதிக்கும் நட்) அடித்து 4 எம்எம் போல்ட் போடுங்கள்.