ஒம்பது வருஷமா பாப்பா குல்லாவும் சாக்ஸும் பின்றேன்: மூணாறு குளிர்ல எது நின்னுச்சு, எது நிக்கல

மூணாறுல இருந்து எழுதுறேன். தேயிலை எஸ்டேட் லயத்துல (தொழிலாளிங்க வீட்டு வரிசை) பொறந்து வளந்தவ, இப்பவும் இங்கதான். 2016 டிசம்பர்ல எங்க மதினிக்கு ரெண்டாவது பாப்பா பொறந்தப்பதான் முதல்முதலா பேட்டர்ன் (எப்படிப் பின்னணும்னு எழுதின குறிப்பு) பாத்து பின்ன ஆரம்பிச்சேன், அதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர் சொல்லிக்குடுத்த நிட்டும் பர்லும்னு ரெண்டு அடிப்படைப் பின்னல் மட்டும்தான் தெரியும், மப்ளர் ரெண்டு பின்னிருந்தேன் அவ்ளோதான். இதுவரைக்கும் குல்லா நாப்பதுக்கு மேல, சாக்ஸ் ஒரு முப்பது ஜோடி, முன்னாடி தொறக்குற ஸ்வெட்டர் பதினொண்ணு. எல்லாம் சொந்தக்காரங்களுக்கும் பக்கத்து லயத்துக்கும்தான், வித்தது இல்ல. அந்தப் பிள்ளைங்க போட்டு, துவைச்சு, அடுத்த பிள்ளைக்குப் போயி, சிலது சுத்தி என் கைக்கே திரும்பி வந்திருக்கு, அப்படி வந்ததப் பாத்துதான் இத எழுதுறேன்.

முதல் குல்லா தப்பாப் போச்சு, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன் ஏன்னா இது நெறைய பேருக்கு நடக்குது. பேட்டர்ன் அமெரிக்காக்காரங்களோடது, 8ஆம் நம்பர் ஊசி, 64 கண்ணின்னு (ஊசியில ஏத்துற நூல் வளையம்) போட்டிருந்துச்சு. நானும் போடியில இருந்து அண்ணன் வாங்கிட்டு வந்த 8ஆம் நம்பர் ஊசியில, வீட்ல இருந்த மெல்லிசு 4 ப்ளை (நாலு இழை) நூல்ல 64 கண்ணி ஏத்தி ரெண்டு ராத்திரி ஒக்காந்து முடிச்சேன். அளந்து பாத்தா சுத்தளவு 23 சென்டிமீட்டர். பொறந்த பிள்ளை தலை சராசரியா 34, 35 இருக்கும். தலையில ஏறவே இல்ல. எங்க தப்புன்னு ரொம்ப நாள் புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, அமெரிக்கா நம்பர் ஏற ஏற ஊசி தடிமனாகும், நம்ம கடைகள்ல கிடைக்கிற ஊசி பழைய பிரிட்டிஷ் கணக்கு, நம்பர் ஏற ஏற மெலிசாகும். அவங்க 8ன்னா 5 மி.மீ., நம்ம 8ன்னா 4 மி.மீ. நம்ம 10 வந்து 3.25 மி.மீ., அவங்க 10 வந்து 6 மி.மீ. அதனால நம்பரப் பாக்கவே பாக்காதீங்க, மில்லிமீட்டர் என்ன போட்டிருக்குன்னு மட்டும் பாருங்க. அது போடாத பேட்டர்ன நான் இப்ப எடுக்குறதே இல்ல.

ஊசி மட்டும் இல்ல, நூலும்தான். அவங்க சொன்ன தடிமன் நூல் நமக்கு இங்க பாதி நேரம் கிடைக்காது, மூணாறு பஜார்ல கிடைக்கிறது காஷ்மிலான் மாதிரி அக்ரிலிக், அதாவது செயற்கை நூல்தான், நல்ல கலர் வேணும்னா உடுமலைக்கோ போடிக்கோ யாராவது போறப்ப சொல்லிவிடணும். அதுக்குத்தான் சாம்பிள் பின்னிப் பாக்குறது. 30 கண்ணி ஏத்தி, ஒரு உள்ளங்கை நீளம் பின்னி, துவைச்சு, காய வெச்சு, அப்புறம் ஸ்கேல் வெச்சு 10 சென்டிமீட்டர்ல எத்தனை கண்ணி வருதுன்னு எண்ணணும். துவைக்காம எண்ணினா கணக்கு மாறும். என் கைக்கு 4 ப்ளை நூல், 3.25 ஊசியில 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி வருது. குல்லா தலைய விட ரெண்டு மூணு சென்டி சின்னதா இருந்தாத்தான் இழுத்துப் பிடிச்சு நிக்கும், அதனால 32 சென்டின்னு வெச்சா 90 கண்ணி, தையலுக்கு ரெண்டு சேத்து 92. உச்சியில கொறைக்கிறதுக்கும் 90 வசதி, 8 பின்னி 2 ஒண்ணா சேத்து, 8 பின்னி 2 ஒண்ணா சேத்து, இப்படி ஒம்பது தடவை வரும், அடுத்த கொறைப்புல 7 பின்னி 2, அப்புறம் 6. இந்த ஒரு கணக்கு கைக்கு வந்ததுக்கு அப்புறம் எனக்கு குல்லா பேட்டர்னே தேவைப்படல. பேட்டர்ன்ல இருக்கிற எண்ணிக்கை அத எழுதினவங்க கைக்கும் அவங்க நூலுக்கும் சரியா இருக்கும், என் கைக்கு நான்தான் எண்ணணும்.

இங்கிலீஷ் பேட்டர்ன் படிக்கிறதுக்கு முதல்ல மக என்கூட ஒக்காந்தா. 56, 64, 72ன்னு ஒரே வரியில மூணு நம்பர் வரும், முதல் நம்பர் சின்ன சைஸு, அடுத்தடுத்தது பெருசு, நமக்கு வேண்டிய நம்பர பென்சில்ல வட்டம் போட்டுட்டு ஆரம்பிச்சா நடுவுல குழம்பாது. நான் ஒரு நோட்டுல தமிழ்ல எழுதி வெச்சுக்குவேன், நிட்டுக்கு நி, பர்லுக்கு ப, ரெண்டு சேக்குறதுக்கு சே2. கொக்கி ஊசியில பின்ற குரோஷாவுல இன்னொரு சிக்கல் இருக்கு, பிரிட்டிஷ்காரங்க டபுள் குரோஷேன்னு சொல்றது அமெரிக்காக்காரங்களுக்கு சிங்கிள், பேர் ஒண்ணு வேலை வேற. குரோஷா நான் அதிகம் செய்யல, ஓட்டை ஓட்டையா வர்ற டிசைன்ல பிள்ளை விரல் மாட்டிக்குது, அதனால விட்டுட்டேன்.

நூல் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இந்த ஊர் குளிரும் மழையும் வேற. ஜனவரியில செண்டுவாரை எஸ்டேட் பக்கம் எல்லாம் காலையில புல்லு மேல உப்பு தூவினமாதிரி உறைபனி கெடக்கும், ஜூன் ஜூலை வந்தா சூரியனையே பாக்க முடியாது, துணி காயறதுக்கு மூணு நாள். அசல் கம்பளி நூல்தான் கதகதப்பு, ஈரத்த உள்ள வாங்கிக்கிட்டும் சூடா வெச்சுக்கும், சட்டுனு தீயும் பிடிக்காது. ஆனா சாதா கம்பளி பிள்ளை தோலுக்கு உறுத்துது, மெரினோ ஆட்டுக் கம்பளி மெத்துனு இருக்கும், விலை கட்டாது. ஒருதடவை மெரினோவுல ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தேன், பிள்ளையோட பாட்டி நல்ல எண்ணத்துல சுடுதண்ணியில சோப்பு போட்டு கசக்கிட்டாங்க, இறுகி கெட்டியாகி பொம்மை சட்டை மாதிரி ஆகிருச்சு. அவங்க முகத்தப் பாக்கவே எனக்குக் கஷ்டமாப் போச்சு, துவைக்கிற விதத்த நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும். அதுல இருந்து எது குடுத்தாலும் ஒரு சீட்டுல எழுதி குத்தித்தான் குடுக்குறேன்.

அக்ரிலிக் நூல் தினம் துவைச்சாலும் தாங்குது, மறுநாளே காயுது, அஞ்சு வருஷம் ஆன குல்லா இன்னும் ஓடுது, மேல சின்னச் சின்ன உருண்டை கட்டும் அத கத்திரி வெச்சு எடுத்துடலாம். ஆனா சூடு ஆகவே ஆகாது. எங்க பக்கம் மழைக்காலத்துல துணிய அடுப்புக்கு மேல கொடி கட்டி காயப் போடுறது பழக்கம். பக்கத்து வீட்டு தங்கச்சி ஒருத்தி, "அக்கா, குல்லா ஓரம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிருச்சு"ன்னு கொண்டு வந்தா, அனல் பட்டு உருகி மொறுமொறுன்னு நிக்குது. பிள்ளை தலையில இருக்கிறப்ப அடுப்புப் பக்கம் போனா என்ன ஆகும்னு நெனச்சு அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அயர்ன் பாக்ஸும் வைக்கக் கூடாது, நான் ஒரு தடவை வெச்சு ஒரு சாக்ஸ் ஜோடி தொவண்டு போயி இழுவையே இல்லாம ஆகிருச்சு, திரும்ப வரவே வராது. அக்ரிலிக் போட்ட பிள்ளைய அடுப்படியில வெச்சுக்காதீங்கன்னு அந்தச் சீட்டுல முதல் வரியா எழுதுறேன்.

சாக்ஸ் பத்தி. பேட்டர்ன் படத்துல அழகா இருக்கிற சின்ன ஷூ மாதிரி பூட்டி எதுவும் கால்ல நிக்கல, ஒதைச்சு ஒதைச்சு அர மணி நேரத்துல கழண்டுரும். கணுக்காலுக்கு மேல ஆறு ஏழு சென்டி இழுவையா வர்ற ரிப்பு, அதாவது 2 நிட் 2 பர்ல், அப்படி நீளமா இருக்கிறதுதான் நிக்குது. ஆனா கண்ணி ஏத்துறப்ப இறுக்கமா ஏத்திட்டா பிள்ளை கால்ல செவப்பா வளையம் விழுந்துரும், அதனால ஏத்துறது மட்டும் ஒரு சைஸ் தடிமன் ஊசியில ஏத்திட்டு அப்புறம் மெல்லிசு ஊசிக்கு மாத்துறேன். ஒரு ஜோடிக்கு 20 கிராம் நூல் போதும், குல்லாவுக்கு 30 கிராம். முடிச்சதும் உள்பக்கம் திருப்பிப் பாருங்க, ஒரு நூல் முனை தொங்கினாலும் அது பிள்ளை விரல்ல சுத்தி ரத்த ஓட்டத்த நிறுத்திரும், பிள்ளை ஏன் அழுவுதுன்னே யாருக்கும் தெரியாது. முடியும் நூலும் இப்படி விரல சுத்துறது உண்மையிலேயே நடக்கிற விஷயம். கையுறை பின்றத நான் நிறுத்திட்டேன், பிள்ளை கைய வாயில வெச்சுத்தான் எல்லாம் கத்துக்குது அத மூடி வைக்க மனசு வரல.

ஸ்வெட்டர்ல தலைவழியா மாட்டுறது வேண்டவே வேண்டாம். கழுத்து நிக்காத பிள்ளைய வெச்சுக்கிட்டு அந்தச் சின்னக் கழுத்துல தலைய நுழைக்கிறது தாய்க்குப் பெரிய பாடு, அப்படி நான் பின்னின ரெண்டும் பெட்டியிலயேதான் இருந்துச்சு. முன்னாடி தொறக்குறதுதான் தினம் போடுறாங்க. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எலிசபெத் சிம்மர்மன்னு ஒரு அம்மா 1968ல செஞ்ச பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட், இங்கிலாந்துல பொறந்து அமெரிக்காவுல இருந்தவங்க. 160 கண்ணி ஏத்தி முழுக்க நிட் மட்டுமே பின்னிக்கிட்டே போகணும், குறிச்ச இடத்துல கொறைக்கணும் கூட்டணும், முடிக்கிற வரைக்கும் ஒரு உருவமும் தெரியாது, நானும் பாதியில ரெண்டு தடவை பிரிச்சுப் போடலாமான்னு இருந்தேன், கடைசியில மடிச்சுப் பாத்தா கையோட ஜாக்கெட் வந்து நிக்குது, தோள்ல ரெண்டு தையல் அவ்ளோதான். கண்ணி எண்ணிக்கைய மாத்தாமயே நூலையும் ஊசியையும் மாத்தினா சைஸ் மாறும், மெல்லிசு நூல்ல பொறந்த பிள்ளைக்கு, தடிமன் நூல்ல ஒரு வயசுக்கு. பதினொண்ணுல ஆறு இதுதான். நூல் வாங்குறப்ப லேபிள்ல லாட் நம்பர் (ஒரே தடவை சாயம் போட்டதோட நம்பர்) ஒண்ணா இருக்கான்னு பாத்து மொத்தமா வாங்குங்க, வெள்ளையில கூட லாட் மாறினா வெயில்ல தெரியுது. பட்டன பின்ற நூல்ல தைக்காம டெய்லர் நூல்ல நாலு சுத்து தைச்சு, பல்லால இழுத்துப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.

2019ல பக்கத்து லயத்துல ஒரு பொண்ணுக்கு மாசம் ஆகும் முன்னாடியே பிரசவம் ஆகி பாப்பா 1.8 கிலோ. ஆஸ்பத்திரியில கங்காரு மாதிரி தாய் நெஞ்சோட ஒட்டி வெச்சுப் பாத்துக்கிட்டாங்க, பிள்ளைக்கு நாப்கினும் குல்லாவும் சாக்ஸும் மட்டும்தான். அவ புருஷன் ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்து, "அக்கா, வீட்ல இருக்கிற குல்லா எல்லாம் மூஞ்சி வரைக்கும் எறங்குது"ன்னு நின்னான். தலை 30 சென்டின்னு நர்ஸ் சேச்சி அளந்து சொல்லிவிட்டிருந்தாங்க. 80 கண்ணி ஏத்தி அன்னைக்கு ராத்திரியே ஒண்ணு, மறுநாள் இன்னொண்ணு, துவைச்சு நிழல்ல காய வெச்சு ஜீப்புல குடுத்துவிட்டேன். "கயிறு வேண்டா கேட்டோ, தாடிக்குக் கீழ ஒண்ணும் கெட்டண்டா"ன்னு, அதாவது தாடைக்குக் கீழ எதுவும் கட்ட வேண்டாம்னு, சேச்சி மலையாளத்துல சொல்லிவிட்டத நான் இன்னைக்கு வரைக்கும் மாத்தல. அந்தப் பிள்ளை இப்ப ஒண்ணாங்கிளாஸ் போகுது.

இங்க பெரியவங்களோட எனக்கு ஓயாத வாக்குவாதம் ஒண்ணு உண்டு. காதுல காத்து போயிரும்னு வீட்டுக்குள்ள, கதவு சாத்தி, ரெண்டு கம்பளிக்கு நடுவுல தூங்குற பிள்ளைக்கும் குல்லா போட்டே வைப்பாங்க. பிள்ளை சூட்ட தலை வழியாத்தான் நெறைய வெளிய விடுது, நல்ல எடையோட இருக்கிற பிள்ளைக்கு வீட்டுக்குள்ள தூக்கத்துல குல்லா வேண்டாம்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க. பிடரியில கை வெச்சுப் பாருங்க, வேர்த்திருந்தா கழட்டிருங்கன்னு நான் பின்னிக் குடுத்த குல்லாவையே நானே போயி கழட்டிட்டு வந்திருக்கேன். எங்க அத்தை கோவிச்சுக்கிட்டாங்க. பரவால்ல.

இன்னும் எனக்கு அமையாதது ஒண்ணுதான், காத மூடுற குல்லா. வெளிய பனியில தூக்கிட்டுப் போறப்ப காது மூடணும், ஆனா தாடையில கயிறு கூடாது, கயிறில்லாம பின்னினா தலைய திருப்புனதும் காதுமடல் மேல ஏறிக்குது. காதுக்கு நேரா மட்டும் 2க்கு 2 ரிப்பு வெச்சு மூணு தடவை பாத்துட்டேன், பின்னாடி வரிசைய நீட்டியும் பாத்தேன், ஓரளவுக்குத்தான் நிக்குது. யாராவது 4 ப்ளையில பின்னி அது நிஜமா நின்னுருந்தா ஊசி எத்தனை மி.மீ., கண்ணி எத்தனைன்னு சொல்லுங்க, எங்க தங்கச்சிக்கு தை மாசம் தேதி குடுத்திருக்காங்க.