இகுவாசு போகிறவர்கள் கவனத்துக்கு: புவெனஸ் ஐரிஸில் விமான நிலையம் ஒன்றல்ல

அர்ஜென்டினா போய், அப்படியே பிரேசில் எல்லையில் இருக்கும் இகுவாசு அருவியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று டிக்கெட் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தலைநகர் புவெனஸ் ஐரிஸில், ஐரோப்பாவிலிருந்து வரும் பெரிய விமானங்கள் இறங்குவது எஸெய்சா நிலையத்தில். நகர மையத்திலிருந்து சாலை வழியாக 30 கிலோமீட்டருக்கு மேல். உள்நாட்டு விமானங்களில் பெரும்பகுதி கிளம்புவது ஏரோபார்க்கேயிலிருந்து. அது நகரத்துக்குள்ளேயே, பலெர்மோ பகுதியில் ஆற்றங்கரையை ஒட்டி இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமென்றால் மொத்த ஊரையும் கடக்க வேண்டும்.

எனக்கு டிக்கெட் விற்ற இணையதளம் இரண்டுக்கும் ‘புவெனஸ் ஐரிஸ்’ என்று ஒரே பெயரைப் போட்டு, நடுவில் ‘3 மணி நேரக் காத்திருப்பு’ என்று காட்டியது. பணம் கட்டிய பிறகு வந்த டிக்கெட்டில்தான் இறங்குமிடம் இஇசட்இ (எஸெய்சா), ஏறுமிடம் ஏஇபி (ஏரோபார்க்கே) என்று மூன்றெழுத்துக் குறியீடுகள் வேறுவேறாக இருந்தன. உடனே போன் செய்தேன். “அதெல்லாம் போதும் சார், எல்லாரும் அப்படித்தான் போறாங்க” என்றார்கள். மாற்றித் தரக் கேட்டால் ரத்துக் கட்டணம் சொன்னார்கள். அது கிட்டத்தட்ட டிக்கெட் விலையே.

போதவில்லை. குடியேற்ற வரிசை, பெட்டிக்காகக் காத்திருப்பு, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வரவே பாதி நேரம் போய்விட்டது. அவசரத்தில் இருப்பவனை மோப்பம் பிடிக்கவே அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்து, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு தொகை பேசினார். ஏரோபார்க்கே வாசலில் நான் கொடுத்த நோட்டுகளை வாங்கி மடிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டை நீட்டி “கள்ள நோட்டு, வேறு கொடு” என்றார். நான் கொடுத்தவை வங்கியில் மாற்றிய புது நோட்டுகள். திரும்பி வந்தவை கசங்கியவை. விமானம் மூடப்போகிறது என்பது அவருக்கும் தெரியும். வேறு கொடுத்துவிட்டு ஓடினேன். கவுண்டர் மூடியிருந்தது.

இங்கேதான் பெரிய அடி. இரண்டும் தனித்தனி டிக்கெட்டுகளாம். அதனால் முதல் விமான நிறுவனத்துக்கும் பொறுப்பில்லை, இரண்டாவதுக்கும் இல்லை. போகும் விமானத்தில் ஏறாததால் திரும்பி வரும் டிக்கெட்டும் தானாக ரத்து. இணையதளத்தின் அரட்டை உதவியில் வந்தவர் சாவோ பாவ்லோ வழியாக ‘இகுவாசு’வுக்கு மாற்று விமானம் இருக்கிறது, கூடுதல் பணம் கட்டினால் போதும் என்றார். குறியீட்டைப் பார்த்தால் ஐஜியு. அது பிரேசில் பக்கத்து ஊரான ஃபோஸ் தோ இகுவாசு! அர்ஜென்டினா பக்கம் ஐஜிஆர். இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிரேசில் விசா வேண்டும், என்னிடம் அது இல்லை. விற்பவருக்கு இதுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலையில்லை. கடைசியில் அங்கேயே கவுண்டரில் வாய்க்கு வந்த விலையைக் கொடுத்து மறுநாள் விமானத்துக்கு டிக்கெட் எடுத்தேன்.

ஆகவே டிக்கெட்டில் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், குறியீட்டைப் பாருங்கள். பக்கத்து நாட்டிலும் இதே கதைதான்: சாவோ பாவ்லோவில் குவாருல்யோஸும் கொங்கோன்யாஸும், ரியோவில் கலியாவோவும் சாந்தோஸ் துமோன்டும் தனித்தனி. முடிந்தால் புவெனஸ் ஐரிஸில் ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் விமானம் ஏறுங்கள். எஸெய்சாவிலிருந்தே கிளம்பும் உள்நாட்டு விமானங்களும் சில உண்டு, தேடிப் பாருங்கள். வண்டிக்கு, வருகைக் கூடத்திலேயே ‘ரெமிஸ்’ எனப்படும் வாடகைக் கார் கவுண்டர்கள் இருக்கின்றன. முன்பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம். ஊபர், கேபிஃபை என்ற செயலி டாக்ஸிகள் இரண்டும் ஓடுகின்றன. தானாக வந்து பெட்டியைத் தூக்குகிறவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் வேண்டாம்.

இணையதளம் இதுவரை விமான நிலைய வரியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறது, அதிலும் சேவைக் கட்டணம் கழித்து. கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ‘3 மணி நேரக் காத்திருப்பு’ என்று காட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் கைவசம் இருப்பதால் புகாரை ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும் பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.