சுபிக் போனால் அரை நாளைக் காட்டுக்குக் கொடுங்கள்

மகள் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது ஒரு நாள் மூவரும் சுபிக் விரிகுடாவுக்குப் போய் வந்தோம். நாங்கள் பேசிய வேன்காரர் வைத்திருந்த திட்டத்தில் வரியில்லாக் கடைகளுக்கு மூன்று மணி நேரம், பமுலக்லாகின் காட்டு நடைக்கு முக்கால் மணி நேரம். பைக்குள் போட்டுக்கொண்டு வர எனக்கு ஒன்றும் வேண்டாம், காட்டுக்குத்தான் நேரம் வேண்டும் என்று விடாப்பிடியாகச் சொல்லி மாற்ற வைத்தேன்.

சுபிக் 1992 நவம்பர் வரை அமெரிக்கக் கடற்படைத் தளம். 1991 ஜூனில் பினாடுபோ எரிமலை வெடித்து ஊரெல்லாம் சாம்பல். செப்டம்பரில், தளம் தொடர்வதற்கான ஒப்பந்தத்தைப் பிலிப்பைன்ஸ் செனட் 12க்கு 11 என்ற வாக்குக் கணக்கில் நிராகரித்தது. இப்போது அங்கே துறைமுகம், தொழிற்சாலைகள், விடுதிகள். பக்கத்து ஒலொங்கபோ நகரத்தில் இஷ்டத்துக்கு ஓட்டிய வேன்காரர், பழைய தளத்தின் வாயிலுக்கு உள்ளே வந்ததும் ஆளே இல்லாத சந்திப்பில்கூட முழுதாக நிறுத்தித்தான் எடுத்தார். அவ்வளவு கண்டிப்பு.

சரி, காட்டுக்கு வருகிறேன். மலைக்குள் அமெரிக்கக் கடற்படை வெடிமருந்துக் கிடங்குகளைக் கட்டி, வெளியாட்களை உள்ளே விடாமல் வைத்திருந்தது. அதனால் மரங்கள் தப்பின. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அந்த மண்ணுக்கு ஆதியிலிருந்தே சொந்தக்காரர்களான அய்டா மக்கள்தான் வழிகாட்டிகள். எங்களுடன் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு கத்தி, அவ்வளவுதான். ஒரு மூங்கிலை வெட்டி, பிளந்து, ஒன்றோடு ஒன்று தேய்த்துத் தீ மூட்டினார். இன்னொரு கணுவில் அரிசியும் தண்ணீரும் விட்டுச் சோறாக்கினார். குவளை, கரண்டி எல்லாமே அதே மூங்கில். அந்தச் சோற்றில் இருந்த பச்சை மணம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் 'குகோ' என்ற கொடியின் பட்டையைக் கல்லில் தட்டி, ஆற்று நீரில் நனைத்துக் கசக்கினார். நுரை பொங்கியது. அவர்கள் தலைக்குத் தேய்ப்பது அதைத்தான். "நம்ம அரப்பு மாதிரியே" என்று நான் சொல்ல, மகள் அதை அந்த ஊர் மொழியான டகாலோகில் அவருக்குச் சொன்னாள். அரப்பு எந்த மரத்து இலை என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். வியட்நாம் போர்க் காலத்தில், எந்தக் கொடியை வெட்டினால் குடிக்கத் தண்ணீர் வரும், எதைத் தொடக்கூடாது என்று அமெரிக்க வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் தன் அப்பாவும் ஒருவர் என்றார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை.

மதியம் ஓர் உணவகத்தில் சைவம் என்று சொல்லியும் வள்ளைக்கீரையில் இறால் விழுது போட்டு வந்தது. சைவர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது.

காலையிலேயே போய்விடுங்கள். ஆற்றுக் கற்கள் வழுக்கும், செருப்பு உதவாது. மழைக்காலமான ஜூன் முதல் அக்டோபர் வரை தவிர்க்கலாம். வழிகாட்டிக்கென்று தனியாகக் கொஞ்சம் பெசோ சில்லறையாக எடுத்துப் போங்கள், காட்டுக்குள் மாற்ற முடியாது.