தேர்தல் அறிக்கைப் புத்தகம்: தாள் அருமை, வினைமுற்று மோசம்

போன சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு கட்சி வீடு வீடாகக் கொடுத்த புத்தகம் இது. கட்சிப் பெயர் வேண்டாம், எந்தக் கடையில் வாங்கினாலும் சரக்கு கிட்டத்தட்ட இதேதான். கையில் வந்தபோது படிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, பாம்பனில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, மாமாவுக்கும் வேலையில்லை எனக்கும் வேலையில்லை, உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிட்டோம்.

வழவழ தாள், பெரிய எழுத்து, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வரியின் வாலையும் பாருங்கள். எங்கள் கரைக்கு வந்த வரி: தூண்டில் வளைவு (கரையை அலை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டுவது) அமைக்கப்படும். மாமா கேட்டார், "யாரு மாப்ள அமைப்பா?" பதில் இல்லை. "அமைப்போம்" என்றிருந்தால் நாளைக்குச் சட்டையைப் பிடிக்கலாம், "படும்" போட்டுவிட்டால் பிடிக்க ஆளே கிடையாது, மழை பெய்யும் வெயில் அடிக்கும் மாதிரி வளைவும் தானாக அமையும் போல! ஏலத்தில் எவனாவது "இந்தக் கூடை எடுக்கப்படும்" என்று சொல்லட்டும், ஏலக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அடுத்த ரகம் "அமைக்க நடவடிக்கை எடுக்கப்படும்". இதில் வாக்குறுதி வளைவு இல்லை, நடவடிக்கைதான். ஒரு கடிதம் போட்டாலே நிறைவேறிவிட்டது. "பரிசீலிக்கப்படும்" எல்லாம் கருவாட்டோடு வரும் மணல், எடை கூடும், அவ்வளவுதான்.

கச்சத்தீவுக்கு வந்ததும் திடீரென்று வீரம்: "மீட்போம்". 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன தீவு, வெளியுறவு டெல்லியின் கையில், மாநில அரசு அதிகம் போனால் "வலியுறுத்துவோம்" என்று சொல்லலாம். அதாவது கையில் இருக்கிற வேலைக்குப் "படும்", கையில் இல்லாததற்கு "போம்". அந்த "ஓம்" விகுதியிலும் ஒரு சூது உண்டு, நாங்களா நாமா என்று அது பிரித்துச் சொல்லாது. ஓட்டுக் கேட்கும்போது "நாங்கள் மீட்போம்" என்று காதில் விழுகிறது, அப்புறம் போய்க் கேட்டால் "நாமெல்லாரும் சேர்ந்துதான்" என்பார்கள்.

காசு எங்கிருந்து வரும் என்று தேடினேன். அறிக்கை வாக்குறுதியை ஊழல் நடவடிக்கையாகக் கொள்ள முடியாது என்று 2013ல் சொன்ன உச்ச நீதிமன்றம், நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. ஆணையமும், வாக்குறுதிக்கான காரணத்தையும் பணம் திரட்டும் வழியையும் ஓரளவாவது காட்டச் சொல்லி வைத்திருக்கிறது. இந்தப் புத்தகத்தில் அதற்கு இரண்டே சொல்: "நிதி திரட்டப்படும்".

5க்கு 2 நட்சத்திரம். அதுவும் ஒரே ஒரு வரிக்காக: தடைக்கால நிவாரணத்தை "முதல் ஆண்டிலேயே உயர்த்தி வழங்குவோம்". ஆள் இருக்கிறது, காலம் இருக்கிறது. மாமா அந்தத் தாளை மட்டும் கிழித்து, கடலுக்குப் போக வாங்கும் அனுமதி டோக்கனை வைக்கும் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.