புயலுக்கு முதல் நாள் ஜெனரேட்டரை சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க: 9,350 ரூபாய்க்கு என் பழைய கார்ப்பரேட்டரையே வாங்கிய கதை

பட்டுக்கோட்டை பக்கம் இருக்கிறவர்களுக்குக் கஜாவை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை. தோப்பில் தென்னை வரிசையாகப் படுத்துக் கிடந்தது, கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதுவரை குட்டி யானையில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறவர்களுக்குக் காத்திருந்துதான் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். அவர்கள் சொன்னதுதான் ரேட்டு. அந்தக் கடுப்பில் அடுத்த வருஷமே சொந்தமாக ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். இரண்டு கேவிஏ, பெட்ரோலில் ஓடுவது, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற வகை.

வாங்கிய புதிதில் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். பிறகு வீட்டில் இன்வெர்ட்டர் வந்தது. ஜெனரேட்டர் மாட்டுக்கொட்டகை ஓரத்தில், சாக்கு போர்த்தி, டேங்கில் பாதி பெட்ரோலோடு உட்கார்ந்துவிட்டது. இந்தக் கதையில் என் தப்பு என்றால் அதுதான். அதை மறைக்கப் போவதில்லை.

2024 நவம்பர் கடைசி வாரம். ஃபெஞ்சல் புயல் எங்கே கரையேறும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. டெல்டா முழுக்க விடாமல் மழை. சாக்கை எடுத்துவிட்டுக் கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். சோக் போட்டால் இரண்டு தடவை 'டுப் டுப்' என்று இருமும், அதோடு சரி. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, கதவுக்கு அடிக்கிற வார்னிஷ் நெடி. நிறம் டீ டிகாஷன் மாதிரி.

டவுனில் ஒரு கடை. வாசலில் பெரிய கம்பெனி போர்டு, உள்ளே கண்ணாடித் தடுப்பு, சட்டையில் பெயர் எம்ப்ராய்டரி போட்ட பையன்கள். மழையில் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய் வைத்தேன். ஏற்கனவே ஏழெட்டு ஜெனரேட்டர் வரிசையில் நின்றது. "சார், நீங்க கிளம்புங்க, பார்த்துட்டு போன் பண்றோம்" என்றார்கள். இங்கேதான் முதல் சறுக்கல். நான் கிளம்பியிருக்கக் கூடாது.

சாயங்காலம் போன் வந்தது. "சார், கார்ப்பரேட்டர் அவுட். கிளீன் பண்ணியெல்லாம் பிரயோஜனமில்ல, உள்ள அரிச்சுப் போச்சு. கம்பெனி ஐட்டம் புதுசு போடணும். பிஸ்டன் ரிங்கும் வீக்கா இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பண்ணிட்டா பத்து வருஷம் கவலையில்ல. பண்ணிடவா?" கார்ப்பரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்புகிற பாகம். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, அமுக்கம் கசியாமல் பிடிக்கிற வளையம். வெளியே காற்று ஊளையிடுகிறது, வீட்டில் எண்பது வயது அம்மா, ஃப்ரிட்ஜில் அவருடைய இன்சுலின். அந்த நேரத்தில் எவன் பேரம் பேசுவான்? பண்ணுங்க என்றேன். புயல் அங்கே புதுச்சேரி பக்கம் கரையேறி முடிந்து, நாலு நாள் கழித்து ஜெனரேட்டர் கைக்கு வந்தது. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது, சந்தோஷம். 9,350 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். "பழைய பார்ட்ஸ்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஸ்கிராப்ல போட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். அதில் 'சர்வீஸ் + ஸ்பேர்' என்று ஒரே வரி. ஜிஎஸ்டி நம்பரும் கிடையாது, பார்ட் நம்பரும் கிடையாது.

கொண்டுவந்து திரும்பவும் கொட்டகையில் வைத்தேன். திரும்பவும் டேங்கில் பெட்ரோலோடு. சொரணை வர எனக்கு இன்னொரு அடி தேவைப்பட்டிருக்கிறது.

ஏழு மாதம் கழித்துத் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பந்தலுக்கு லைட் போட ஜெனரேட்டரை இழுத்தால், பழைய இருமல் அப்படியே வந்தது. டவுன் கடைக்குப் போன் போட்டேன். "கொண்டு வாங்க சார், ஏவிஆர் போயிருக்கும்" என்றார்கள். கயிறு இழுத்தே ஓடாத எஞ்சினுக்கு ஏவிஆர் என்ன செய்யும்? அது கரண்ட்டின் வோல்டேஜைச் சீராக வைக்கிற சமாச்சாரம். எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கே தெரியும். முதல் சந்தேகம் அப்போதுதான் வந்தது.

எங்கள் ஊரில் ஸ்பிரேயரும் பைக்கும் பார்க்கிற தம்பி ஒருத்தர் இருக்கிறார். புளியமரத்தடியில் ஒரு தார்ப்பாய்தான் அவருக்குக் கடை. வந்தவர் முதலில் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "தொட்டுப் பாருங்கண்ணே." எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. இவ்வளவு இழுத்தும் பிளக் நனையவில்லை என்றால் பெட்ரோல் உள்ளேயே வரவில்லை. ஒரு மூடி புதுப் பெட்ரோலில் நாலு சொட்டு மட்டும் பிளக் ஓட்டையில் விட்டு, சிந்தியதைத் துணியால் துடைத்து, பிளக்கைத் திருப்பி முடுக்கி இழுத்தார். 'டர்ர்ர்' என்று இரண்டு விநாடி பாய்ந்து நின்றது. "நெருப்பு வருது, அமுக்கம் இருக்கு, ரிங்கெல்லாம் சூப்பரா இருக்குண்ணே. அடைச்சிருக்கு, அவ்வளவுதான்." ரிங் மாற்றினார்கள் என்று நான் சொன்னதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கார்ப்பரேட்டரின் அடியில் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும், உள்ளே மிதவை. அந்தக் கிண்ணத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டில் ஸ்பேனரை வைக்கப் போனவர் நின்றார். "இது என்னண்ணே, எலி கடிச்ச மாதிரி?"

குனிந்து பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அறுகோணத் தலையில் இரண்டு மூலை நசுங்கி, குறுக்கே பல்லுப்பல்லாகத் தடம். 2020-ல் லாக்டவுன் நேரத்தில் பெட்ரோல் கசிகிறது என்று என் மச்சான் கட்டிங் பிளேயரை வைத்துத் திருகிய தடம் அது! அன்றைக்கு அவரைத் திட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. புத்தம்புது கம்பெனி கார்ப்பரேட்டரில் என் மச்சானின் கைவரிசை எப்படி வந்தது?

தம்பி அதோடு விடவில்லை. ஃபேன் பக்கத்து மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். ரிங் மாற்ற வேண்டுமென்றால் சிலிண்டரின் தலைமூடியான ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். ஹெட் போல்ட் நாலிலும் கம்பெனி அடித்த பெயிண்ட், போல்ட்டும் ஹெட்டும் சேருகிற இடத்தில் கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் குறுக்கே குளவி கட்டிய மண்கூடு வேறு. நாலு சொட்டுப் பெட்ரோலில் பாய்ந்த எஞ்சின், ஐந்து வருஷத்தில் மொத்தமாக ஐம்பது மணி நேரம்கூட ஓடாதது. அதற்குத்தான் ரிங் மாற்றக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் தேன்பாகு மாதிரி பழுப்பாக ஒரு படிவு, அதன் மேல் சுண்ணாம்பு தூவியது போல வெள்ளைப் பொடி. மெயின் ஜெட் என்பது பித்தளையில் ஒரு சின்னத் திருகு, நடுவில் பெட்ரோல் போக ஊசி முனை அளவுக்கு ஓட்டை. வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார், வெளிச்சமே தெரியவில்லை. பழைய ஒயரிலிருந்து ஒற்றைத் தாமிர இழையை உருவி, பொறுமையாக விட்டு எடுத்தார். இரும்பு ஊசி, குண்டூசியெல்லாம் விடக்கூடாதாம். பித்தளை மெத்தென்று இருப்பதால் ஓட்டை பெரிதாகி, பிறகு பெட்ரோலாகக் குடிக்குமாம். கார்ப்பரேட்டர் கழுவுகிற ஸ்பிரே அடித்து ஊதி, மறுபடி வெயிலில் பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம். நாற்பது நிமிஷ வேலை, 300 ரூபாய், ஸ்பிரே காசு தனி. டவுன் கடைக்காரர்கள் செய்ததும் இதைத்தான், அதுவும் அரைகுறையாக. பழையதை ஸ்பிரேயில் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி, புதிது என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

அடைப்பு ஏன் வருகிறது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். பெட்ரோல் காற்றுபட்டு நிற்க நிற்க, லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாகிறது. ஒரு மாதத்திலேயே தரம் இறங்க ஆரம்பித்துவிடும், மூன்று மாதம் என்பது அதிகம். அதோடு இப்போது எத்தனால். 2022-ல் நாட்டில் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் 20 ஆகிவிட்டது. எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். ஜெட் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே. அந்த வெள்ளைப் பொடி, ஈரத்தில் அலுமினியம் அரித்தது. தினம் ஓடுகிற பைக்கில் பெட்ரோல் நிற்பதே இல்லை, அதனால் அங்கே இந்தத் தொல்லை தெரிவதில்லை. பழைய ஜெனரேட்டரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள், பலவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்றே போட்டிருக்கும்.

இப்போது என் வழக்கம் இது. ஓட்டி முடித்ததும் சுவிட்சை அணைப்பதில்லை. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு அதுவாகவே நிற்கட்டும் என்று விடுகிறேன். கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துவிட்டு இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிவிடும். அப்படியும் அடியில் கொஞ்சம் தங்கும், கிண்ணத்தின் டிரெயின் திருகைத் தளர்த்தி அதையும் ஒரு மூடியில் பிடித்துவிடுகிறேன். டேங்க் பெட்ரோல் மறுநாளே பைக்குக்குப் போய்விடும். தேவைப்படும்போது பைக்கிலிருந்து ஒரு லிட்டர் இறக்கிக்கொள்கிறேன், பங்க்கில்தான் பாட்டிலில் தரமாட்டார்களே. பெட்ரோலை டேங்கில் வைத்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு ஸ்டெபிலைசர் என்று ஒரு திரவம் விற்கிறது. புதுப் பெட்ரோலில் கலந்து, பத்து நிமிஷம் ஓட்டி, அது கார்ப்பரேட்டர்வரை போன பிறகு நிறுத்த வேண்டும். கெட்டுப்போன பெட்ரோலை அது நல்லதாக்காது.

மாதம் ஒருமுறை இருபது நிமிஷம், இரண்டு ஃபேனாவது மாட்டி லோடோடு ஓட்டுகிறேன். வெளியே, கதவு ஜன்னலைவிட்டுத் தள்ளி வைத்துத்தான், கொட்டகைக்குள் இல்லை. அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அதற்கு வாசனையே கிடையாது. டேப்பைத் திறந்தே போட்டுவைத்தால் இன்னொரு வம்பும் உண்டு. பிசின் ஒட்டிய ஊசி வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் அளவு கூடியிருந்தாலோ, குச்சியில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, கயிற்றைத் தொடாதீர்கள். ஆயிலை மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

டவுன் கடைக்குத் திரும்பப் போனேன். முதலாளி முதலில் "உங்க மச்சான் மாதிரி எங்க பையனும் பிளேயர்ல திருகியிருப்பான்" என்றார். குளவிக்கூட்டுப் போட்டோவைக் காட்டினால், "ஏழு மாசத்துல குளவி புதுசா கட்டியிருக்கும் சார்." அது நியாயம்தான், மறுக்க முடியாது. ஹெட் போல்ட் பெயிண்ட்டைக் காட்டியதும் பேச்சு நின்றது. "ரிங் வேலையை பையன் பில்லுல தப்பா சேர்த்துட்டான் போல" என்று 2,500 ரூபாய் திருப்பித் தந்தார். மிச்சத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முதலில் கேட்டது பில். என்னிடம் இருப்பது துண்டுச்சீட்டும் ஜிபே ரசீதும்தான். 'என்ன பார்ட், என்ன விலை' என்று பிரித்து எழுதிய பில்லும், கழற்றிய பழைய பார்ட்டும் கைக்கு வராமல் காசு அனுப்பாதீர்கள். எந்த சர்வீஸுக்கு விடுவதானாலும் முதல் நாளே கார்ப்பரேட்டர், ஹெட் போல்ட் எல்லாவற்றிலும் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, இதையெல்லாம் ஆடி மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்த பிறகு அவர்கள் வைத்ததுதான் விலை.

போன வாரம் புளியமரத்தடித் தம்பி வந்திருந்தார். "அந்த நசுங்கின போல்ட்டை மாத்திடவாண்ணே, நாப்பது ரூபாதான்" என்றார். வேண்டாம் தம்பி, அது இருக்கட்டும் என்றேன்.