பெயர் சொல்லி அழைக்கும் தேர்தல் குரல்: சேலத்தில் வாங்கிய ஒரு சேவை பற்றி

சட்டமன்றத் தேர்தல் பணிக்காக எங்கள் வேட்பாளரின் அலுவலகம் சேலத்தில் அமர்த்திய குரல் செய்திச் சேவையைப் பற்றி, அதே சேவையை வாங்க எண்ணும் மற்ற தேர்தல் பொறுப்பாளர்களுக்காக இதை எழுதுகிறேன். வேட்பாளரின் பேச்சைச் சிறிது நேரம் பதிவு செய்துகொண்டு, அதே குரலில் ஒவ்வொரு வாக்காளரையும் பெயர் சொல்லி அழைக்கும் செய்தியைக் கணினி உருவாக்கித் தானாகவே தொலைபேசியில் அனுப்புகிறது. குறைகளில் பெரும்பாலானவை இத்துறைக்கே பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் தொகுதி ஏற்காடு. சேர்வராயன் மலை ஊர்களும் வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளியும் சேர்ந்த, பழங்குடியினருக்கான தனித்தொகுதி. வாக்காளர்களுக்கு அனுப்புமுன், ஒப்புதல் கொடுத்த எங்கள் சொந்தப் பூத் முகவர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் செய்தியை அனுப்பி வெள்ளோட்டம் பார்த்தோம்.

குரலின் தரம் வியக்கத்தக்கது என்பதை முதலில் சொல்ல வேண்டும். தாளைப் பார்த்து வாசித்த பதிவைக் கொடுத்தபோது வானொலிச் செய்தி போல வந்த குரல், வேட்பாளர் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்த பதிவைக் கொடுத்தபின் 'வாங்க', 'சொல்லுங்க' என்ற நம் பக்கத்து இழுப்புடன் அவரைப் போலவே பேசியது. ஆகவே பதிவுக்கு உட்காரும்போது உரையை ஒதுக்கி வைத்துவிட்டு யாருடனாவது பேச வைப்பதே நல்லது.

பெயரில்தான் தடுமாற்றம் தொடங்கியது. 'பாப்பாத்தி'யின் முதலெழுத்தும் 'பாலு'வின் முதலெழுத்தும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. 'தங்கவேல்', 'தனபால்' என்ற பெயர்களும் அப்படியே. வாக்காளர் பட்டியலில் தமிழில் உள்ள பெயரைக் கணினி எழுத்தை நம்பிப் படிப்பதால், பாலுவும் தனபாலும் தங்கள் பெயரையே வேறாகக் கேட்டார்கள். சரியான ஒலிப்பைப் பட்டியலிட்டுக் கொடுத்ததும் நிறுவனம் தயங்காமல் திருத்தியது. அந்தப் பொறுமையைப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு தொகுதியின் பெயர்களை எல்லாம் இப்படிச் சரிபார்க்கும் உழைப்பு வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. மேலும், வீட்டிலும் தெருவிலும் 'மாரியம்மா' என்று அழைக்கப்படும் ஒருவரைப் பட்டியலில் உள்ளபடி 'மாரியம்மாள் அவர்களே' என்று விளித்தால், அது நீதிமன்றத்தில் டவாலி கூப்பிடுவது போல இருக்கிறது.

பட்டியலில் உள்ள வயதையும் பாலினத்தையும் கொண்டு 'ஐயா', 'அம்மா', 'அண்ணா', 'அக்கா', 'தம்பி' என்ற விளிகளைச் சேர்க்கும் வசதியும் உண்டு. யோசனை நல்லது. ஆயினும் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே வயது வரம்பு வைத்திருந்ததால், ஐம்பதைக் கடந்த எங்கள் வேட்பாளரின் குரல் முப்பத்தைந்து வயதுக்காரரை 'அண்ணா' என்று அழைத்தது. முறை என்பது அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையிலானது. வேட்பாளரின் வயதையும் கணக்கில் எடுக்கும்படி இதை மாற்றியே ஆக வேண்டும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். என் மனத்தை உறுத்துவது வேறு. 2004 மக்களவைத் தேர்தலில் வாஜ்பாயின் பதிவுக் குரல் தொலைபேசிகளில் ஒலித்தபோது எல்லோருக்கும் ஒரே பதிவுதான் வந்தது. கேட்டவர்களுக்கு அது பதிவு என்பது விளங்கியது. இப்போதோ தன் பெயரைக் கேட்கும் மூதாட்டி, வேட்பாளரே தன்னிடம் பேசுவதாக நம்புகிறார். வெள்ளோட்டத்தின்போது ஒரு முகவரின் தாயார் அந்தக் குரலுக்கு மறுமொழி சொல்லி, பதில் வராமல் மனம் வருந்தினார். அந்த நம்பிக்கையைப் பெற்று வாக்குக் கேட்பது நேர்மையாகாது என்பதே என் உறுதியான கருத்து. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பைடனின் போலிக் குரல் வாக்காளர்களை வாக்களிக்க விடாமல் தடுக்கப் பயன்பட்டதும், அடுத்த மாதமே அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் இத்தகைய குரல்களை, முன் ஒப்புதலின்றி அழைப்புகளில் பயன்படுத்தக் கூடாத செயற்கைக் குரல்களின் வகையில் சேர்த்ததும் நினைவில் இருக்க வேண்டும்.

நம் தேர்தல் ஆணையமும் 2025 அக்டோபரில் அனுப்பிய அறிவுறுத்தலில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய ஒலியின் தொடக்கத்து 10 விழுக்காட்டு நேரத்தில் அதைத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறது. 30 நொடிச் செய்தியில் இது 3 நொடி. நிறுவனம் தந்த மாதிரியில் இந்த அறிவிப்பு கடைசியில், வேகமாக, மெல்லிய குரலில் இருந்தது. அதற்குள் பலர் இணைப்பைத் துண்டித்திருப்பார்கள். முன்னால் கொண்டுவரச் சொன்னபோது, கேட்பவர்கள் குறைவார்கள் என்றார்கள். குறைந்தாலும் அது முன்னால்தான் வர வேண்டும்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பதும் அவசியம். பொதுவில் கிடைக்கும் வாக்காளர் பட்டியலில் கைப்பேசி எண் கிடையாது. பெயரோடு எண்ணையும் சேர்த்துத் தருகிறோம் என்று நிறுவனம் முன்வந்தபோது, அந்த எண்களுக்கு உரியவர்களின் ஒப்புதலைக் காட்டக் கேட்டோம். தெளிவான பதில் வராததால் மறுத்துவிட்டோம்.

ஆவணங்களில் குறை சொல்ல இடமில்லை. தேர்தல் விளம்பரங்களைச் சரிபார்க்கும் மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்சான்றிதழுக்கு வேண்டிய எழுத்துப்படியையும் ஒலிப்பதிவையும் முறையாகத் தந்தார்கள், ரூ.40 லட்சம் என்ற செலவு வரம்புக்குள் கணக்குக் காட்ட ரசீதும் அழைப்புப் பதிவேடும் கிடைத்தன. ஆனால் பிரசாரம் ஓய வேண்டிய, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்திலும் அழைப்புகளைத் திட்டமிட அவர்களது மென்பொருள் அனுமதிக்கிறது. அந்த நேரத்து அழைப்புகளைத் தடுக்கும் பூட்டு மென்பொருளிலேயே இருக்க வேண்டும்.

மலை ஊர்களில் இச்சேவை பயன் தரவில்லை. நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் அலைவரிசை விட்டுவிட்டு வருகிறது. எஸ்டேட் குடியிருப்புகளில் வீட்டுக்கு ஒரு கைப்பேசியே இருக்கும் குடும்பங்களில், பாட்டியின் பெயரில் வந்த அழைப்பைப் பேரன் எடுக்கிறான். அங்கே பூத் முகவர்களை நேரில் அனுப்பினோம்.

சமவெளியில், தாங்களாகவே எண் கொடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு செய்தியை அனுப்பினோம். 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி-யைத் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் குறுகிய காலத்தில் இத்தகவலைச் சேர்ப்பதற்கு இச்சேவையின் வேகம் உண்மையிலேயே உதவியது. அதற்கு வேட்பாளரின் குரலும் வேண்டியிருக்கவில்லை, வாக்காளரின் பெயரும் வேண்டியிருக்கவில்லை; எங்கள் அலுவலகத்து ஊழியர் ஒருவர் தாமே பேசிப் பதிவு செய்தார், சந்தேகம் கேட்பதற்கு 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணையும் சொன்னார்.