வானளாவப் புகழ்ந்து விளையாட வாட்ஸ்அப் குழு எப்படி?

குறுக்கெழுத்துப் புதிர் பிடித்தவர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். தினமும் யாராவது ஒருவர் குறிப்புகள் போடுவார், மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். விடை வந்ததும் அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கும். குறிப்பு போட்டவரை விடை கண்டுபிடித்தவர் புகழ, கண்டுபிடித்தவரைப் போட்டவர் புகழ, நடுவில் இன்னொருவர் புகுந்து இருவரையும் ஒரே மூச்சில் வானத்துக்குத் தூக்க, அரைமணி நேரம் போவதே தெரியாது. புதிருக்கு வருகிறவர்களைவிட இதற்காக வருகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். நானும் அவர்களில் ஒருத்தி.

வேறு சில செயலிகளிலும் இப்படிப்பட்ட குழுக்களில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு விளையாட்டுக்கு வாட்ஸ்அப் எவ்வளவு தோதானது என்பதை மட்டும் எழுதுகிறேன். அழைப்பின் தரம், தகவல் பாதுகாப்பு எல்லாம் விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

முதலில் ஒரு ஆட்டத்தைக் காட்டிவிடுகிறேன். குழுவில் எல்லோரும் அக்கா என்று அழைக்கிற ஒருவர் போட்ட குறிப்பு இது: "மரத்துக்குள் கடைசி இல்லாத கதவு, பச்சைக் கல் (5)". கதவில் கடைசி எழுத்தை எடுத்தால் 'கத'. அதை மரத்துக்குள், அதாவது 'மர'வுக்கும் 'ம்'முக்கும் இடையில் செருகினால் மரகதம், ஐந்தெழுத்தில் பச்சைக் கல். குழுவிலேயே வயதில் இளையவரான தம்பி ஒருவர்தான் முதலில் பிடித்தார். உடனே அக்கா, "கடைசி இல்லாத கதவுக்கே மரகதம் எடுத்துட்டீங்க தம்பி. முழுக் கதவு வச்சிருந்தேன்னா சுரங்கத்தையே தோள்ல தூக்கிட்டு வந்திருப்பீங்க" என்று எழுதினார். தம்பி விடுவாரா? "அக்கா, நான் எடுத்தது ஒரு மரகதம்தான். உங்க கையில நவரத்தினமே இருக்கு. மிச்சம் எட்டும் எப்போ வரும்னு நகைக்கடைக்காரங்க உங்க வாசல்ல வரிசையில நிக்கிறாங்களாம்." அடுத்து ஒரு ஐயா வந்தார், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். "அந்த வரிசையில நூத்தியேழாவது ஆள் நான். இடம் பிடிக்கத் துண்டு போட்டிருக்கேன், யாரும் எடுத்துடாதீங்க."

கவனித்துப் பாருங்கள், கதவு, கல், எட்டு, வரிசை என்று ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. "நீங்கள் மேதை", "உங்களுக்கு நிகர் யார்" என்று சும்மா எழுதினால் இரண்டே வரியில் ஆட்டம் படுத்துவிடும். உண்மையாக நடந்த ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, அதை எவ்வளவு தூரம் இழுக்கிறோம் என்பதில்தான் சுவை இருக்கிறது. கூடவே, எதிராளி எழுதியதை நாம் ஒழுங்காகப் படித்தோம் என்பதற்கும் அதுவே சாட்சி. இந்தப் புகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். தான் போட்ட குறிப்பின் நுணுக்கத்தை இன்னொருவர் எழுத்தெழுத்தாக ரசித்தார் என்று தெரிந்தால் யாருக்குத்தான் மனசு நிறையாது?

இந்த விளையாட்டுக்கு ஒரு செயலியில் முதலில் தேவைப்படுவது, குறிப்பிட்ட ஒரு செய்திக்கு அதை மேற்கோள் காட்டியே பதில் போடும் வசதி. வாட்ஸ்அப்பில் இது 2016 முதல் இருக்கிறது. செய்தியை வலப்பக்கம் இழுத்தால் போதும், பழைய வரி மேலே ஒரு பெட்டியில் நிற்கும், நம் பதில் அதன் கீழே வரும். பெட்டியைத் தொட்டால் மூலச் செய்திக்கே கூட்டிப்போய்விடும். காலையில் யாரோ சொன்னதை இரவில் வந்து தூக்கிப் பிடித்துப் புகழ முடிவது இதனால்தான். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுதும்போது யாருக்கு யார் மாலை போடுகிறார் என்ற குழப்பமும் வருவதில்லை. இந்த ஒன்றுக்காகவே வாட்ஸ்அப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்தது 2022 மே மாதம் வந்த எமோஜி எதிர்வினை. செய்தியை அழுத்திப் பிடித்து ஒரு இதயத்தையோ கைகூப்பலையோ ஒட்டிவிட்டுப் போகலாம். மற்ற குழுக்களில் இது பெரிய உதவி, ஆளாளுக்கு "நன்றி" "நன்றி" என்று நூறு செய்தி போடும் தொல்லை குறைந்தது. எங்கள் ஆட்டத்துக்கு மட்டும் இது ஆகவே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. மிகையான புகழுரை ஒன்று திரும்ப ஒன்றை எதிர்பார்த்து நிற்கிறது. அதற்கு ஒரு கட்டைவிரலைக் காட்டினால், எதிராளி அடித்த பந்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது மாதிரி. அதனால், புகழுரைக்கு எமோஜி மட்டும் ஒட்டக் கூடாது, ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று குழு விவரத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். இந்த விதி வந்த பிறகு ஆட்டம் நீண்டது. சும்மா படித்துக்கொண்டிருந்தவர்களில் சிலரும் எழுத ஆரம்பித்தார்கள். அதில் ஒருவர் எழுதிய முதல் வரியே, "ஐயா, நீங்க விகடகவிங்கிற சொல் மாதிரி. எந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சாலும் ஒரு குறையும் தெரியலை." இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தார் இவர் என்று ஆச்சரியப்பட்டுப்போனோம்.

நீண்ட செய்திகளை வாட்ஸ்அப் பாதியில் மடித்து, 'மேலும் படிக்க' என்று காட்டும். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எங்கள் ஐயா இதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார். ஒருமுறை அக்கா ஒரு பெரிய கட்டத்தைத் தனியாளாக முடித்தபோது, அவருக்கு ஒரு மெய்க்கீர்த்தியே எழுதினார். முதலாம் இராசராசன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளை அடுக்கி, கடைசியில் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்வார்களே, அதே அமைப்பு:

"குறுக்கும் நெடுக்கும் ஒருகுடைக் கீழாக்கி,
கறுப்புக் கட்டமும் கப்பம் செலுத்த,
சிலேடைப் படையைச் சிதறடித்து ஓட்டி,
அழிப்பான் தொடாத அரும்புகழ் நாட்டி..."

இப்படியே வெற்றி மேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்தது. யாரைப் பற்றி என்று மட்டும் தெரியவில்லை. 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினால்தான் கடைசி வரி வந்தது: "வீற்றிருந்தருளிய குறுக்கெழுத்துச் சக்கரவர்த்தினி அக்காவுக்கு யாண்டு மூன்றாவது." அக்கா குழுவில் சேர்ந்து அப்போது மூன்றாம் ஆண்டு, அதைக்கூட ஐயா கணக்கு வைத்திருந்தார். அக்காவின் பதில்: "கல்லு கரையுற மாதிரி எழுதிட்டீங்க ஐயா. இனிமே இதை எந்தக் கல்லுல வெட்டுறது?" ஐயாவுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அன்றைய ஆட்டம் அக்காவுக்கே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

குரல் செய்தி, ஸ்டிக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். குரலில் புகழ்ந்தால் சிரிப்பு கூடுதலாக வருகிறது, ஆனால் மேற்கோள் பெட்டியில் அதன் சொற்கள் தெரியாது, எவ்வளவு நேரம் என்பதுதான் தெரியும். அதனால் அடுத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது கஷ்டம். ஸ்டிக்கர் 2018 அக்டோபரில் வந்தது. கைதட்டும் பொம்மை யாருக்கு வேண்டுமானாலும் கைதட்டும், எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

செய்தியைத் திருத்தும் வசதி 2023 மே மாதம் வந்தது. அனுப்பி 15 நிமிடம் வரை திருத்தலாம். எழுத்துப்பிழையோடு ஒரு மகா புகழுரை போவதைப் போலக் கொடுமை வேறில்லை, எனவே இது பெரிய ஆறுதல். ஆனால் யாராவது பதில் போட்ட பிறகு கருத்தையே மாற்றித் திருத்தாதீர்கள். உங்கள் வரியில் தொங்கிக்கொண்டிருக்கும் அடுத்தவர் வரி அந்தரத்தில் நின்றுவிடும்.

நான் மிகவும் மதிக்கிற இன்னொரு வசதி, குழுவில் வந்த செய்திக்குத் தனியாகப் பதில் அனுப்புவது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு தவறான விடை போட்டார். தம்பி வழக்கம்போல, "இந்த விடைக்குப் பொருத்தமான கேள்வியை உலகம் இனிமேதான் கண்டுபிடிக்கணும், அவ்வளவு முன்னாடி போயிட்டீங்க" என்று எழுதிவிட்டார். எங்களுக்கு அது அன்பு. புதியவருக்கு அது நக்கலாகப் பட்டது. அவர் பேச்சு நின்றதை ஐயாதான் முதலில் கவனித்து, அந்தச் செய்தியை எடுத்துத் தனியாக அவருக்கு எழுதினார். இங்கே புகழ்வது எப்படி நடக்கும், தம்பி யார், தன்னுடைய தவறான விடைகளுக்கு இதுவரை கிடைத்த பட்டங்கள் என்னென்ன என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் சமாதானம் செய்திருந்தால் அவர் இன்னும் கூசிப்போயிருப்பார். தம்பியும் தனியாக வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: புதியவர்களைச் சரியான விடைக்கு மட்டுமே புகழ வேண்டும். தவறான விடைக்குப் புகழ் வேண்டுமென்றால் அவர்களே வந்து கேட்கட்டும். அந்தப் புதியவர் கேட்டார். இப்போது அவருக்கும் பட்டங்கள் குவிந்து கிடக்கின்றன.

ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். சேர்க்காதீர்கள். இந்த ஆட்டத்துக்கு ஒருவர் எழுத்து இன்னொருவருக்குப் பழகியிருக்க வேண்டும். ஆயிரம் பேர் கூட்டத்தில் யாருடைய குறிப்பையும் யாரும் நின்று ரசிக்கப்போவதில்லை. தானாக மறையும் செய்திகள் என்ற அமைப்பையும் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் மெய்க்கீர்த்தி மறைந்துபோகும்.

புகழுரையை எழுதித் தருகிறோம் என்று வேறு ஒரு செயலி இருக்கிறது. பெயர் வேண்டாம். எங்கள் குழுவில் ஒருவர் அதிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தார். "உங்கள் அறிவு விண்மீன்களைப் போல் ஒளிர்கிறது" என்று வந்தது. யாருக்கு, எதற்கு என்று ஒன்றுமே இல்லாத வரி. அக்கா பாவம், பதில் சொல்லப் பிடிமானம் கிடைக்காமல் "நன்றி" என்று மட்டும் எழுதினார். எங்கள் குழுவில் ஒரு புகழுரைக்கு வெறும் நன்றி வந்தது அன்றைக்குத்தான்.

வாட்ஸ்அப்பில் நான் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. நல்ல வரிகளை நட்சத்திரமிட்டு வைக்கலாம், ஆனால் அந்தப் பட்டியல் அவரவருக்கு மட்டுமே. மேலே பொருத்தி வைத்தால் எல்லோருக்கும் தெரியும், அதுவும் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்ற கணக்குதான். குழுவுக்கே பொதுவான ஒரு நட்சத்திரப் பட்டியல் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இப்போதைக்கு நாங்கள் தனியாக இன்னொரு குழு தொடங்கி, பொறுக்கியெடுத்த வரிகளை மட்டும் அதில் முன்னனுப்பி வைக்கிறோம். நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும் என்று அதை அமைத்திருக்கிறோம். இல்லையென்றால் பொறுக்கியெடுத்தவரின் ரசனையைப் புகழ அங்கேயும் வரிசை கட்டிவிடுவார்கள்.